சிங்கப்பூரா, ஹாங்காங்கா, டோக்கியோவா? தமிழ் மட்டும் தெரிந்த பெரியவர்களோடு வெளிநாட்டுத் தீம் பார்க்

வெளிநாட்டுத் தீம் பார்க் என்று பேச்சு எடுத்தால், வடசென்னையின் தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ எந்த வீட்டிலும் பணத்துக்கு அடுத்தபடி வருகிற கேள்வி இதுதான்: "அங்க போய் யார்கிட்ட என்னான்னு பேசறது?" தேடிப் பார்த்தால் கிடைக்கிற பதில்களும் ஏறக்குறைய ஒன்றுதான். சிங்கப்பூரில் இங்கிலீஷ் பேசுவார்கள், கவலை இல்லை. ஜப்பானில் பேச மாட்டார்கள், சிரமம்.

இங்கிலீஷ் சரளமாகப் பேசுகிறவர்களுக்கு அந்தப் பதில் சரி. நம் பக்கத்து வீடுகளில் பிள்ளை படித்து வேலைக்குப் போய், நாலு காசு சேர்த்து, அம்மா அப்பாவையும் ஆயாவையும் கூட்டிக்கொண்டு போகத்தான் ஆசைப்படுகிறான். போகிற கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தமிழ் மட்டும்தான். அவர்களுக்கு இங்கிலீஷும் ஜப்பான் மொழியும் ஒரே தூரம். அங்கிருந்து பார்த்தால், எந்த ஊர் சுலபம், எந்த ஊர் கஷ்டம் என்கிற வரிசையே மாறிவிடுகிறது. அப்படிப் பார்த்து எழுதிய ஒப்பீடு இது.

முதலில், பார்க்குக்குள் பேச்சு எங்கெல்லாம் தேவைப்படுகிறது என்று பார்த்துவிடலாம். ரைடுக்குத் தேவையில்லை. தீவுத்திடல் பொருட்காட்சியில் ராட்டினம் ஏறியவர்கள் எந்த நாட்டு ரோலர் கோஸ்டரிலும் ஏறலாம். ஊர்வலம், வாணவேடிக்கை, பாட்டும் நடனமுமான ஷோ எதற்கும் மொழி வேண்டாம். மொழி இல்லாவிட்டால் வீணாகிப் போவது பேச்சையே நம்பி நடக்கும் ஷோக்கள்தான். டோக்கியோ டிஸ்னிசீயில் 'டர்ட்டில் டாக்' என்று ஒன்று இருக்கிறது. திரையில் வருகிற கடலாமை பார்வையாளர்களோடு நேரடியாக உரையாடும், முழுக்க ஜப்பானிய மொழியில். சுற்றி இருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கும்போது நாம் மட்டும் முழித்துக்கொண்டிருக்க வேண்டும். அதைத் தவிர்த்துவிடலாம். சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸில் 'வாட்டர்வேர்ல்ட்' சண்டைக்காட்சி ஷோ இருக்கிறது. வெடியும் தண்ணீரும் படகுச் சாகசமும்தான். ஆயாவுக்கும் புரியும், அஞ்சு வயசுப் பையனுக்கும் புரியும்.

மொழி நிஜமாகவே கைகொடுக்க வேண்டிய இடங்கள் வேறு. ஒன்று, டிக்கெட்டும் செல்போன் ஆப்பும். இப்போது பெரிய பார்க் பலவற்றிலும் ரைடுக்கு முன்பதிவு, காத்திருக்கும் நேரம், சில இடங்களில் ஷோவில் இடம் பிடிக்கிற குலுக்கல்கூட ஆப்பில்தான். இரண்டாவது, சாப்பாடு. மூன்றாவது, உடல்நிலை எச்சரிக்கை. ரத்த அழுத்தம், இதயக்கோளாறு, முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஏறக்கூடாத ரைடுகள் நிறைய. படம் போட்டு வைத்திருப்பார்கள் என்றாலும், வரிசையில் நின்ற களைப்பில் யாரும் பார்ப்பதில்லை. நான்காவது, யாராவது தொலைந்துபோனால் அல்லது மயங்கி விழுந்தால். இந்த நான்கையும் வைத்துத்தான் ஒவ்வொரு ஊரையும் எடைபோட வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து தொடங்குவோம். அந்த நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. நாங்கள் போனபோது, விமான நிலையத்தில் இறங்கியதுமே பலகையில் தமிழைப் பார்த்து என் அம்மா நின்றுவிட்டார். அதுவரை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தவர், அதற்கப்புறம் தானே முன்னால் நடந்தார். எம்.ஆர்.டி. ரயிலிலும் பல நிலையங்களின் பெயர்ப் பலகையில் தமிழ் இருக்கிறது, அறிவிப்பும் தமிழில் வருகிறது. சிராங்கூன் ரோட்டில் இட்லியும் மீன்குழம்பும் கிடைக்கும், கடைக்காரர் தமிழில் பேசுவார். தங்குவதற்கு அந்தப் பக்கம் அறை எடுத்தால் பெரியவர்களைத் தனியாகக் கீழே டீ குடிக்க அனுப்பலாம். வேறு எந்தப் பட்டியலிலும் வராத சௌகரியம் இது. பயணத்தில் பெரியவர்களைச் சோர்வடைய வைப்பது நடை மட்டும் இல்லை, எல்லாவற்றுக்கும் பிள்ளையை எதிர்பார்த்து நிற்பதும்தான்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தத் தமிழ் எல்லாம் ஊருக்குள்தான். ஹார்பர்ஃப்ரண்ட்டில் இறங்கி, விவோசிட்டி மாலுக்குள்ளிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் பிடித்து, யுனிவர்சல் வாசலில் சுற்றுகிற அந்தப் பெரிய உருண்டையைத் தாண்டிவிட்டால் உள்ளே இங்கிலீஷ்தான். அதுவும் வேகமான சிங்கப்பூர் இங்கிலீஷ். ஊழியர்களில் தமிழர் இருக்கலாம், ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது. 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' ரைடில் கதை முழுக்க இங்கிலீஷ் வசனம். புரியாவிட்டாலும் ஆட்டத்தில் குறை இல்லை. பார்க் சிறியது என்பதும் இங்கே ஒரு வசதி. ஒரே நாளில் முடித்துவிடலாம், பிரிந்துபோனால் திரும்பக் கண்டுபிடிப்பதும் சுலபம். எகிப்துப் பகுதியில் இந்தியச் சாப்பாடு கிடைக்கும் ஹலால் உணவகம் உண்டு. சோறு இல்லாமல் மதியம் ஓடாது என்கிறவர்களுக்கு அது போதும். சென்னையிலிருந்து நேர் விமானம், நாலு மணி நேரத்துக்குச் சற்று முன்பின்.

சிங்கப்பூருக்குப் பெட்டி கட்டும்போது இரண்டு விஷயம். ஹான்ஸ், மாவா மாதிரி மெல்லுகிற புகையிலை எதுவும் போகக்கூடாது, சட்டவிரோதம். வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கசகசா இருந்தால் அதுவும் வேண்டாம், அங்கே தடைசெய்யப்பட்ட பொருள். பெரியவர்களின் பையை நாமே ஒருதரம் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது. சுங்கத்தில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல அவர்களுக்கு மொழி கிடையாது.

மலேசியாவையும் இதோடு சேர்த்தே யோசிக்கலாம். தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்குச் சிங்கப்பூரை விடவும் தோதான ஊர் அது என்பேன். ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ள நாடு. கோலாலம்பூரில் கடையிலும் டாக்சியிலும் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். மலைமேல் 2022-இல் திறந்த கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸ், ஊரை ஒட்டிய சன்வே லகூன், ஜொகூரில் லெகோலேண்ட் என்று பார்க்குகளும் உண்டு. செலவும் குறைவு. ஆனால் பிள்ளைகள் படத்தில் பார்த்து ஏங்கிய பிரமாண்டம் வேண்டுமென்றால் இவை ஒரு படி கீழேதான். பத்துமலை முருகனையும் பார்த்தாயிற்று, பிள்ளைகளும் தண்ணீரில் ஆடியாயிற்று என்று நினைக்கிற குடும்பத்துக்கு மலேசியா நிறைவாக இருக்கும்.

ஹாங்காங் டிஸ்னிலேண்ட் நடுவில் நிற்கிறது. 2005-இல் திறந்தது. விமான நிலையம் இருக்கிற லாண்டாவ் தீவிலேயே இருக்கிறது. மெட்ரோவில் சன்னி பே வரை போய், அங்கிருந்து டிஸ்னிக்கென்றே ஓடுகிற ரயில். ஜன்னல்கூட மிக்கி தலை வடிவத்தில் இருக்கும், குழந்தைகளின் சந்தோஷத்தைப் பார்த்தால் அங்கேயே பாதி டிக்கெட் காசு திரும்பியதுபோல இருக்கும். மொழி விஷயத்தில் இவர்கள் ஒழுங்காக யோசித்திருக்கிறார்கள். காட்டாற்றுப் படகுப் பயணத்தில் காண்டனீஸ், மாண்டரின், இங்கிலீஷ் மூன்றுக்கும் தனித்தனி வரிசை. ஆனால் இந்த ஏற்பாடெல்லாம் இங்கிலீஷ் தெரிந்தவருக்கே பயன்படும். தமிழ் மட்டும் தெரிந்த அப்பாவுக்கு மூன்று வரிசையும் ஒன்றுதான், எது குட்டையோ அதில் நிற்கலாம். பார்க்குக்கு வெளியே சிம் ஷா சுயி பக்கம் சுங்கிங் மேன்ஷன்ஸ் என்கிற கட்டடத்தில் இந்தியச் சாப்பாடு கிடைக்கும், வியாபாரத்துக்கு வந்து தங்கிய நம் ஆட்களும் அங்கே உண்டு. விசாவுக்குப் பதிலாக இணையத்தில் முன்பதிவு செய்து அனுமதி வாங்கினால் போதும், அதற்குக் கட்டணம் இல்லை. கைக்குழந்தையும் சின்னப் பிள்ளைகளுமாக இருக்கிற இளம் தம்பதிக்கு இது நல்ல தேர்வு. ஆயாவோடு போகிறவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். சிங்கப்பூர் தருகிற தமிழும் இங்கே இல்லை, டோக்கியோ தருகிற பார்க்கும் இங்கே இல்லை.

டோக்கியோவைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஆட்கள் பயந்து ஒதுக்குகிற ஊர் அதுதான்.

அங்கே இரண்டு பார்க். 1983-இல் திறந்த டோக்கியோ டிஸ்னிலேண்ட், 2001-இல் திறந்த டிஸ்னிசீ. இரண்டும் மைஹாமா ஸ்டேஷன் பக்கத்தில், சிபா மாவட்டத்தில் இருக்கின்றன. டிஸ்னிசீ மாதிரி ஒன்று உலகத்தில் வேறெங்கும் கிடையாது. நடுவில் எரிமலை, அதைச் சுற்றித் தண்ணீர், துறைமுகங்கள். காசிமேட்டுக் கடல்காற்றில் வளர்ந்தவர்களுக்குத் துறைமுகமாகவே கட்டிய ஒரு பார்க்குக்குள் நுழைவது எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2024 ஜூனில் 'ஃபேண்டஸி ஸ்பிரிங்ஸ்' என்று ஒரு பெரிய பகுதியையும் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள்.

ஊழியர்களில் பெரும்பாலானோர் ஜப்பானிய மொழியில்தான் பேசுவார்கள். ரைடுக்குள் ஒலிப்பதும் அதுதான். ஆனால் அவர்கள் வேலை செய்கிற விதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. வரிசை முடிகிற இடத்தில் நிற்கும் பெண் ஏதோ சொல்லிவிட்டு, கூடவே விரல்களை விரித்துக் காட்டிப் புருவத்தை உயர்த்தினாள். எத்தனை பேர் என்று கேட்கிறாள். நான் வாய் திறப்பதற்குள் அம்மா ஐந்து விரலையும் காட்டிவிட்டார். அந்தப் பெண் தலையைக் குனிந்து, மூன்று விரல் காட்டி ஒரு பக்கம், இரண்டு விரல் காட்டி இன்னொரு பக்கம் நிறுத்தினாள். தரையில் எண் எழுதியிருந்தது. உட்கார்ந்ததும் ஒரு பையன் வந்து கம்பியைத் தட்டிக் காட்டி, தன் வயிற்றுக்கு நேரே இழுப்பதுபோல் நடித்தான். அம்மா இழுத்துக்கொண்டார். கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனான். இவ்வளவுதான் நடந்தது. சிங்கப்பூரில் இதே இடத்தில் ஊழியர் வேகமாக இங்கிலீஷில் சொல்ல, அம்மா என் முகத்தைப் பார்க்க, நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. இங்கிலீஷ் புழங்குகிற ஊரில் அது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துப் பேசிவிடுகிறார்கள். டோக்கியோவில் வந்தவருக்கு மொழி தெரியாது என்று எடுத்துக்கொண்டு செய்கையிலேயே முடிக்கிறார்கள். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு இரண்டாவதுதான் மரியாதையாக இருக்கிறது.

உயரக் கட்டுப்பாட்டுக்கும் இதே மாதிரி ஒரு கம்பு, அதில் ஒரு கோடு. டவர் ஆஃப் டெரருக்கு 102 சென்டிமீட்டர், பூமியின் மையத்துக்குப் போகிற ரைடுக்கு 117. அக்கா பையனைக் கம்புப் பக்கத்தில் நிறுத்தினார்கள், தலை கோட்டுக்குக் கீழே நின்றது, பேச்சே இல்லாமல் விஷயம் முடிந்தது. வீட்டிலேயே அளந்துகொண்டு போனால் அவ்வளவு நேரம் நின்று அழுகிற பிள்ளையைத் தேற்ற வேண்டியிருக்காது.

சாப்பாடுதான் டோக்கியோவின் கஷ்டமான பாடம். படம் போட்ட மெனுவும், பல இடங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் மாதிரித் தட்டும் இருப்பதால் காட்டி வாங்கிவிடலாம். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. பன்றியும் மாடும் பலதிலும் இருக்கும், சைவம்போலத் தெரிகிற குழம்பில் மீன் சாறு இருக்கும். மீன் சாப்பிடுகிற வீட்டுக்கு அது பிரச்சினை இல்லை. சைவக்காரருக்கும் ஹலால் பார்க்கிறவருக்கும் பிரச்சினைதான், அவர்கள் ஜப்பானைத் தேர்ந்தெடுக்குமுன் நன்றாக யோசிக்க வேண்டும். டிஸ்னிசீயில் அரேபியப் பகுதியில் கஸ்பா ஃபுட் கோர்ட் என்று இருக்கிறது, குழம்பும் நான் ரொட்டியும் தருவார்கள். நம் ருசி இல்லை, ஆனால் பசிக்கு ஒத்துப்போகும். பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா நூடுல்ஸ் வகைகளான அத்தோவும் மொய்ங்காவும் சாப்பிட்டுப் பழகிய பிள்ளைகள் நூடுல்ஸ் கிண்ணத்தைப் பார்த்து மிரள மாட்டார்கள் என்பது வடசென்னைக்கென்று இருக்கிற ஒரு சாதகம். வெளியிலிருந்து கொண்டுவந்ததை உள்ளே சாப்பிட அனுமதி இல்லை. வாசலுக்கு வெளியே அதற்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஊரிலிருந்து இறைச்சி கலந்த எதையும் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது.

டிக்கெட் விலை நாளுக்கேற்ப 7,900 யென்னிலிருந்து 10,900 யென் வரை. ரூபாயில் சுமார் நாலாயிரத்து ஐந்நூறிலிருந்து ஆறாயிரம் சொச்சம். சிங்கப்பூர் யுனிவர்சலோடு பெரிய வித்தியாசம் இல்லை. விமானக் கட்டணமும் அறை வாடகையும்தான் எகிறும். நம்மூர் வங்கி அட்டையை பார்க்கின் இணையதளம் சில நேரம் ஏற்காது, பெரிய பயண ஆப்களில் வாங்கிவிடலாம். விசா இப்போது இணைய விசாவாகக் கிடைக்கிறது, விண்ணப்ப மையம் வழியாகப் போக வேண்டும். பார்க்கின் ஆப் இங்கிலீஷில் இருக்கிறது. குழுவில் ஒருவராவது அதைப் படித்துப் பட்டன் அழுத்தத் தெரிந்தவராக இருந்தே ஆக வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் டோக்கியோ வேண்டாம்.

ஷாங்காய் டிஸ்னிலேண்டை முதல் பயணத்துக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பார்க் அருமையானது. ஆனால் நாம் நம்பியிருக்கிற கூகுள் மொழிபெயர்ப்பு, மேப், வாட்ஸ்அப் எல்லாம் அந்த நாட்டு இணையத்தில் தடுக்கப்பட்டவை. பணம் கொடுப்பதும் பெரும்பாலும் அவர்கள் ஆப்பில்தான். மொழி இல்லாதவரிடமிருந்து செல்போனையும் பிடுங்கிக்கொண்டதுபோல ஆகிவிடும். பாரிஸில் பிரெஞ்சோடு இங்கிலீஷும் ஓடுகிறது, பார்க் வாசலுக்கே ரயில் போகிறது. ஆனால் ஷெங்கன் விசாவுக்கான காகிதங்களும் செலவும் தீம் பார்க்குக்காக மட்டும் செய்யத்தக்கவை இல்லை. ஐரோப்பா சுற்றப் போகிறவர்கள் ஒரு நாளை அதற்கு ஒதுக்கலாம்.

டூர் கம்பெனியோடு போவதா, நாமே போவதா என்பது இன்னொரு கேள்வி. தமிழ் பேசுகிற டூர் மேனேஜர் கூட வருவார், விமான நிலையத்தில் படிவம் நிரப்பித் தருவார், ராத்திரிக்குச் சோறு ரசம் கிடைக்கும். வீட்டில் ஒருவருக்கும் இங்கிலீஷ் படிக்க வராது என்றால் இதுதான் வழி, தயங்க வேண்டாம். ஆனால் பார்க்கில் நடப்பது என்னவென்றால், காலையில் வாசலில் இறக்கிவிட்டு, சாயங்காலம் இத்தனை மணிக்கு இங்கே நில்லுங்கள் என்பார்கள். உள்ளே ஒவ்வொரு ரைடுக்கும் மேனேஜர் கூட வருவதில்லை. மொழி தேவைப்படுகிற அந்த நேரத்தில் நாம் தனியாகத்தான் இருப்போம். ராத்திரி வாணவேடிக்கைக்கு முன்னாலேயே பஸ் கிளம்பிவிடுகிற திட்டங்களும் உண்டு. பார்க் நாள் எத்தனை மணி நேரம் என்று பணம் கட்டுமுன் கேட்டு எழுதி வாங்குங்கள்.

எந்த ஊரானாலும் ஆளுக்கொரு அட்டை எழுதிச் சட்டைப்பையில் வைத்துவிடுவது என் வழக்கம். தங்குகிற ஹோட்டல் பெயர் அந்த ஊர் எழுத்தில் (வரவேற்பு மேசையில் கேட்டால் அச்சிட்ட அட்டையே தருவார்கள்), கூட வந்தவரின் செல் நம்பர், என்ன நோய், மருந்தின் வேதிப்பெயர். நம்மூர் மருந்துக் கம்பெனி வைத்த பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. சளிமருந்து எடுத்துப்போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: சூடோஎஃபிட்ரின் அளவு மிகுந்த மாத்திரைகளுக்கு ஜப்பானில் தடை உண்டு. ஆம்புலன்சுக்குச் சிங்கப்பூரில் 995, ஜப்பானில் 119, ஹாங்காங்கில் 999. டோக்கியோ பார்க்கில் பிள்ளை தொலைந்தால் ஒலிபெருக்கியில் அறிவிக்க மாட்டார்கள். அருகில் நிற்கிற ஊழியரிடம் செல்போனில் பிள்ளையின் படத்தைக் காட்ட வேண்டும். அன்று காலையில் போட்டிருந்த உடையோடு வாசலில் ஒரு படம் எடுத்துவைத்தால் பேச்சுக்கே அவசியமில்லை.

மொழிபெயர்ப்பு ஆப்பில் தமிழையும் அந்த ஊர் மொழியையும் வீட்டு வைஃபையிலேயே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். பேசும்போது செய்தி வாசிக்கிறமாதிரி, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேச வேண்டும். "இதுல பன்னி கறி கீதா?" என்றால் அது தடுமாறும். "இதில் பன்றி இறைச்சி உள்ளதா?" என்றால் சரியாகக் கேட்டுச் சொல்லும். பெரியவர்களையும் கிளம்புமுன் இரண்டு மூன்று தடவை பேசிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆக, யார் வருகிறார்கள் என்பதை வைத்துத்தான் ஊரை முடிவுசெய்ய வேண்டும். அம்மா அப்பாவுக்கு இதுதான் முதல் விமானம் என்றால், பார்க்கைவிட ஊர் முக்கியம். சிங்கப்பூர், அல்லது மலேசியாவையும் சேர்த்து. ஒருதரம் வெளியே போய்வந்து பயம் தெளிந்தவர்கள், நன்றாக நடக்கிறவர்கள், சாப்பாட்டில் பிடிவாதம் இல்லாதவர்கள் என்றால் டோக்கியோதான், அதிலும் டிஸ்னிசீக்கு ஒரு முழு நாள். 'இங்கிலீஷ் இருக்கிறது' என்ற ஒரே காரணத்துக்காக ஹாங்காங்கைப் பிடித்து, பிள்ளைகளின் டோக்கியோ ஆசையைக் கைவிடுவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

தேதியும் பார்க்க வேண்டும். நம் பள்ளிக்கூடக் கோடை விடுமுறையில் ஏப்ரல் கடைசியும் மே முதல் வாரமும் ஜப்பானில் கோல்டன் வீக், நாடே விடுமுறையில் இருக்கும், பார்க்கில் கால் வைக்க இடம் இருக்காது. மே இரண்டாம் வாரத்துக்குப் பிறகு, ஜூன் மழை தொடங்குமுன் போனால் நல்லது. சிங்கப்பூருக்கு நேர்மாறு. அங்கே பள்ளி விடுமுறை மே கடைசியில் தொடங்குகிறது, அதனால் மே முதல் பாதியில் போய்வந்துவிட வேண்டும். காலாண்டு விடுமுறையில் ஹாங்காங் போக நினைப்பவர்கள் அக்டோபர் 1-ஐ ஒட்டிய வாரத்தைத் தவிருங்கள், சீனத் தேசிய தின விடுமுறைக் கூட்டம் முழுக்க அங்கே இருக்கும். விமானம் நள்ளிரவை ஒட்டி என்றால் விம்கோ நகரிலிருந்தோ தண்டையார்பேட்டையிலிருந்தோ மாறாமலே மெட்ரோவில் விமான நிலையம் போய் இறங்கலாம். பெட்டியோடு பாரிமுனை நெரிசலில் மாட்ட வேண்டாம், சாயங்காலமே கிளம்பிவிடுங்கள்.